"முடிஞ்சுது" என்று சொன்ன பொய்

அக்கா,

யூடிகோலன் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம். நம் உப்பளம் வட்டாரத்துக் கத்தோலிக்க வீடுகள் மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி ஜெபமாலை சொல்வது இன்னும் நடக்கிறது. இந்த முறை அன்பியத் தலைவியம்மா வீடு. அவர் கையில் அதே மடித்த கைக்குட்டை, அதே வாசம்.

கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு என் காதருகே குனிந்தார். "ஸ்டெல்லா, இன்னைக்கு நீதான் சாட்சியம் சொல்லணும். சோர்ந்துபோன தாய்மாருங்களுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்த. அதோ உக்காந்திருக்கா பாரு, ரெட்டியார்பாளையம், என் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவ பொண்ணும் நம்ம ரீட்டா மாதிரிதான். வியாழக்கிழம ஆபரேஷன், பயப்படுறா. நீ ரீட்டாவுக்குப் பண்ணிட்டு நிம்மதியா இருக்கியே, அதச் சொன்னா போதும்."

நம்ம ரீட்டாவாம். என் பெண்ணை. நீ கண்மூடி ஒன்றரை வருஷமாகிறது. இருந்திருந்தால், "எப்பலேருந்துடி உன் ரீட்டா?" என்று கூட்டத்தின் நடுவிலேயே கேட்டிருப்பாய்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு உனக்கு மறந்திருக்காது. ரீட்டாவுக்கு அப்போது பதினைந்து வயது. உடம்புக்குத்தான் பதினைந்து, புத்தி ஐந்து வயதிலேயே நின்றுபோன பிள்ளை. பூசையில் காணிக்கை நேரம், எல்லோரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பாவாடையில் கறை, பெஞ்சிலும் கறை. தலைவியம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி கோயில் வேலையாளைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவன் பினாயிலும் வாளியுமாக ஓடி வந்தான். என் பெண் இன்னும் எழுந்துகூட நிற்கவில்லை, அவள் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் ஊற்ற ஆரம்பித்துவிட்டான். சீ, என்ன ஜென்மங்கள்!

பின்வரிசையிலிருந்து நீ வந்தாய். "பெஞ்சு எங்கயும் ஓடிடாதுடா, நில்லு" என்று சாமியார் காதில் விழும்படியே சொன்னாய். உன் பையிலிருந்து பெரிய துண்டை எடுத்து ரீட்டாவின் இடுப்பில் சுற்றிக் கட்டினாய். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தவர்களைக் கழுவித் துடைத்த கை. நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பெண்ணைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே தலைவியம்மாவோடு அன்பியத்து நாலு பேர் என் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஜெபித்தார்கள், பாடினார்கள், ஒரு தட்டு முறுக்கைக் காலி செய்தார்கள். சுமக்க முடிந்தவர்களுக்குத்தான் ஆண்டவர் சிலுவை தருவார் என்றார்கள். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள். "அவ இன்னா புள்ளயா பெத்துக்கப் போறா? கர்ப்பப்பைய எடுத்துட்டா உனக்குத் தொல்ல வுட்டுது. இதுக்குத்தானே ஆண்டவர் டாக்டருங்களுக்கு ஞானம் குடுத்திருக்காரு."

வாசலில் அவர்கள் செருப்பு மாட்டும்போது நீ உள்ளே வந்தாய். நடுவீட்டில் நான் கறைபட்ட பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். "ரத்தம் கழுவுனா போயிடும்டி. இவளுங்க பேச்சு போவாது" என்று சொல்லிவிட்டுப் பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாய். அங்கிருந்தே கத்தினாய்: "பைபிள்ல பன்னெண்டு வருஷமா ரத்தம் போன ஒருத்தி கூட்டத்துல பூந்து வந்து ஆண்டவரு துணியத் தொட்டாளே, அவரு மூக்கப் பொத்திக்கினாரா?"

ஆனாலும் நான் அவர்கள் பேச்சைத்தான் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது எழுத. என் வீட்டுக்காரருக்கு விழுப்புரம் பஸ்ஸில் டிரைவர் வேலை, கேட்டால் "உன் இஷ்டம்" என்பார், போய்விடுவார். எனக்கு ஊராருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டும். தைக்க உட்கார்ந்தால் ரீட்டா துணியை அவிழ்த்து எறிவாள், சுவரில் பூசுவாள். மாதத்தில் ஐந்து நாள் அவளைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது, அக்கா. பெற்றவளுக்கே. ஒரு டாக்டரிடம் போனேன், தேதி வாங்கினேன், கையெழுத்தும் போட்டேன்.

உன்னிடம் சின்ன ஆபரேஷன், துணைக்கு வா என்று மட்டும் சொல்லியிருந்தேன். காலையில் ஆட்டோ வாசலில் நிற்கிறது. நீ ஏறவில்லை. ரீட்டாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "உனுக்கு வயிறு நோவுதாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"நோவாத எதடி எடுக்கப் போற?"

சொன்னேன். ஆண்டவரே வழி காட்டியிருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"தூ!" என்று ரோட்டில் துப்பினாய். "அவரு மேல ஏன் போடற? உனக்கு முடியல. அதச் சொல்லு."

"முடியலக்கா."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"என்னால முடியலக்கா." நடுத்தெருவில் ஓவென்று அழுதேன். ஆட்டோக்காரர் பாவம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"முடியலன்னு சொல்றதுதான்டி ஜெபம். மத்ததெல்லாம் சும்மா ராகம்" என்றாய். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டுக்காரி அல்லவா, பிரான்சில் புருஷனோடு இருந்த காலத்து வார்த்தை உன்னை விடாது. "அலே, நடடி, பைய எடுத்து உள்ள வை" என்றாய்.

ஆட்டோ காலியாகத் திரும்பிப் போனது. அப்புறம் ரீட்டாவைப் பழக்க எட்டு மாசம். "ஊருக்கெல்லாம் தைக்கிற, உன் பொண்ணுக்கு ஒண்ணு தெச்சியா?" என்று கேட்டாய். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேடு நகராமல் பிடிக்க உள்ளாடையில் இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைத்தேன். அவள் விரலுக்கு எட்டுகிற மாதிரி பட்டன் வைத்தேன். நீ பீட்ரூட் தண்ணீரைத் துணியில் ஊற்றி, சிவப்பைப் பார்த்ததும் மாற்ற வேண்டும் என்று தினமும் பழக்கினாய். ஒருநாள் பொறுமை போய் அவள் தொடையில் கிள்ளிவிட்டாய். அவள் அழவில்லை, நீதான் அழுதாய். எட்டாவது மாசம் ரீட்டா தானே கழற்றி, தாளில் சுருட்டி, தொட்டியில் போட்டுவிட்டு வந்து கையைக் காட்டினாள், கழுவியாச்சு என்று. அன்றைக்கு நீ என் அடுப்படியில் உட்கார்ந்து மீன் குழம்பு வைத்தாய். உப்பு ஜாஸ்தி.

ஒன்றில் மட்டும் உன் பேச்சை நான் கேட்கவில்லை. அந்த ஆட்டோ நாளுக்கு அடுத்த வாரம் தலைவியம்மா கோயில் வாசலில் என்னைப் பிடித்து, "எல்லாம் முடிஞ்சுதா?" என்றார். ஆளை விட்டால் போதுமென்று "முடிஞ்சுது" என்றேன். நீ திட்டினாய். "போய் இல்லன்னு சொல்லிட்டு வா. இவளுங்க அத வச்சிக்கினு இன்னும் நாலு வீட்டுக்குப் போவாளுங்க." அவர்களோடு எனக்கென்ன பேச்சு என்று விட்டுவிட்டேன். ஆறு வருஷம்.

இப்போது அந்தப் பொய் எழுந்து நடந்து ரெட்டியார்பாளையம் வரை போயிருக்கிறது. அந்தத் தாய்க்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கருப்பு. பெண்ணுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ, அம்மாவின் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலைவியம்மா மேல் வந்த அருவருப்பெல்லாம் திரும்பி என் மேலேயே வந்தது.

எழுந்து நின்றேன். "நான் ஆபரேஷன் பண்ணல" என்றேன். "முடிஞ்சுதுன்னு சொன்னது பொய். கையெழுத்துப் போட்டது நெசம். ஒருத்தங்க தடுத்தாங்க. ரீட்டாவே இப்ப எல்லாம் பாத்துக்கறா."

தலைவியம்மா, "சாட்சியம் சொல்லச் சொன்னா பொய் சொன்ன கதைய சொல்றியே" என்றார். "இதுதாங்க என் சாட்சியம்" என்றேன். உடனே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள், சத்தமாக.

அந்தத் தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு முடிவதற்குள் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தெருமுனையில்தான் பிடித்தேன். "உங்களுக்கு ஒருத்தங்க இருந்தாங்க. எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். அன்றிரவு பூராவும் அந்தக் கேள்விதான்.

இன்றைக்குப் புதன். நீ இருந்தால் போ என்று தள்ளியிருப்பாய். இல்லாததால் நானே ரெட்டியார்பாளையம் கிளம்புகிறேன். அவள் கூப்பிடவில்லை, கதவையும் திறக்காமல் போகலாம். திறக்கும்வரை வாசலில் நிற்பேன். முதல் வார்த்தை என்ன சொல்வதென்று இப்போது தெரியும்: "நான் இருக்கேன்." வியாழக்கிழமைக்கு அப்புறம் வருகிற எட்டு மாசத்துக்கும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன், அக்கா. ரீட்டாவும் வருகிறாள்.