ஜம்னாவின் சுவர்

கரோல் பாக், புது தில்லி
ஜனவரி 9

அன்புள்ள பொன்னிக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று நம் ஆபீஸ் வைஷ்ணவி சொன்னாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா? என் போன் உனக்கு வருவதில்லை என்று புரிகிறது, மணியே அடிப்பதில்லை. அதனால்தான் கடிதம். கையால் எழுதிப் பத்து வருஷமாகிறது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே சரியான குளிர். எதிர்வீட்டு மாடிகூடத் தெரியாத மூடுபனி. உன் அறையை இன்னும் யாருக்கும் விடவில்லை. வீட்டுக்கார அம்மா கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.

போன வாரம் கரூரிலிருந்து அண்ணன் பேசினான். அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டான். ஒரு தொண்டு நிறுவனம் டிபி நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறது, நோயாளி ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லையென்று ஆனால்தான் அந்த நிறுவனத்துக்குப் பணம், குணமாகாதவருக்கு ஒரு பைசா கிடையாது, உண்மையிலேயே குணமானார்களா என்று போய்ப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "அப்போ நீ நம்பினாத்தான் காசா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் பாதையை ஒட்டிய அந்தக் குடியிருப்பைப் பற்றித்தான் நாம் சண்டை போட்டோம். அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தெட்டு பேர் குணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதே போன்ற மற்ற இடங்களில் அறுபதுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. மாத்திரை சாப்பிட்ட நாளைக் குறிக்கும் அட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே கை. உட்கார்ந்த இடத்தில் போட்ட டிக் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீயோ, "சுவரைப் பார்த்தேன், எண்ணினேன், சரியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். சுவர் எப்படி ஆதாரமாகும் என்று அந்த வரியை அடித்தேன். 'சந்தேகத்துக்குரியது' என்று எழுதி, பணத்தை நிறுத்தச் சொல்லி அனுப்பினேன். உன் ஒப்பந்தத்தை நீட்டிக்காதது மேலதிகாரி என்ற முறையில் நரேன் எடுத்த முடிவு. அதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பணம் கொடுக்கும் அறக்கட்டளை மறு சரிபார்ப்பு கேட்கிறது. நரேன் என்னையே போகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை போகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கவிப்ரியா


பிப்ரவரி 2

பொன்னி,

பதில் வரவில்லை. பரவாயில்லை. இதை நான் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இதைப் புரிந்துகொள்ளக்கூடியவள் நீ ஒருத்திதான்.

முன்கூட்டிச் சொல்லாமல் காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு, மறைக்காமல் சொல்கிறேன். தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் இஸ்மாயில் சந்து முனையில் மாத்திரை டப்பாவோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்து முகம் மாறியது, ஆனால் வணக்கம் சொன்னார். நான் பணத்தை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சம்பளம் வரவில்லை. அது தெரிந்தேதான் போயிருந்தேன். அதற்குப் பிறகும் காலையில் சந்துக்கு வந்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஏன் இன்னும் வருகிறீர்கள் என்று கேட்டேன். "புதுசா பதினோரு பேர் மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க மேடம், நடுவிலே எப்படி விடறது?" என்று ஹிந்தியில் சொன்னார், ஏதோ நான்தான் விவரமில்லாமல் கேட்டுவிட்டது போல.

ஒரே பேனாவைப் பற்றிக் கேட்டேன். வாரம் ஒருமுறை சுவரைப் பார்த்து அட்டையில் எழுதுகிறேன், என்னிடம் இருப்பது ஒரு பேனாதான் என்றார். பிறகு என்னை ஜம்னாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

நீ பார்த்ததுதான். ஆனாலும் நான் பார்த்ததை எழுத விடு.

அந்த அறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். தரையெல்லாம் அட்டைகள். ஜம்னா சதர் பஜார் வியாபாரிக்காக ஸ்டிக்கர் பொட்டுகளை அட்டையில் ஒட்டிக்கொடுப்பவள். நிமிர்ந்து பார்க்காமல் விரல் தானாக ஓடுகிறது. நான் தலையை நிமிர்த்தினேன். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர் முழுக்கப் பொட்டு. சிவப்பு, மெரூன், கறுப்பு, பச்சை, கல் வைத்தது, ஓரம் கிழிந்தது. பென்சில் கோடு போட்டு வரிசை வரிசையாக, தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை. முதலில் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். அப்படித்தான் வெளியாட்கள் நினைக்க வேண்டும் என்று ஜம்னா சொன்னாள். டிபி என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம், அதனால் சுவரில் பெயர் கிடையாது. அவளுக்கு எழுதவும் தெரியாது. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு பொருளை ஒட்டியிருக்கிறாள். தையல்காரருக்கு ஒரு சட்டைப் பொத்தான், பஸ் கண்டக்டருக்கு ஒரு டிக்கெட், பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ரிப்பன் துண்டு. மாத்திரையை அவள் கண்ணெதிரே விழுங்கினால் அன்றைக்கு ஒரு பொட்டு. நூற்றெண்பது நாளுக்கு நூற்றெண்பது.

சாயங்காலம் ஆகியும் ஒருவருக்குப் பொட்டு விழவில்லையென்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒரு லோட்டாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன், எதுவும் பேசமாட்டேன், அவரே வந்து மாத்திரையைப் போட்டுக்கொள்வார் என்றாள். குடித்துவிட்டுத் திட்டியவர்கள் உண்டாம். அடிக்கக் கை ஓங்கிய ஒருவர் இப்போது அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறார்.

யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். கையிலிருந்த அட்டையை ஒட்டி முடித்து ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள். "என் வீட்டுக்காரர் ரெண்டு மாசத்துல நல்லாயிட்டார் மேடம். நல்லாயிட்டேன்னு மாத்திரையை விட்டார். மறுபடி படுத்துட்டார். எத்தனை நாள் சாப்பிட்டார்னு டாக்டர் கேட்டப்போ எனக்குச் சொல்லத் தெரியல." அவ்வளவுதான். இந்த வேலைக்கு அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பதும், திட்டத்தின் எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இல்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினேன் பொன்னி. பத்தாயிரத்துக்கு மேல். அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சுவரில் வெற்றிடம் இருக்கும் நாளில் அட்டையிலும் வெற்றிடம். ஒரு நாள்கூடக் கூடவில்லை, குறையவில்லை. என் கணக்கு ஒரு இடத்தில் தவறியபோது, "ஃபிர் ஸே கினோ" என்று அவள்தான் மறுபடி எண்ண வைத்தாள். அவள் சொன்னதே சரியாக இருந்தது. சீட்டுக் குலுக்கி இருபது பேரை வேறு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினேன். இருபது பேருக்கும் கிருமி இல்லை.

ஒரு வரிசை தொண்ணூற்றோராவது பொட்டோடு நின்றிருக்கிறது. வரிசைத் தலைப்பில் ஒரு சாவி. பூட்டு ரிப்பேர் செய்த பெரியவர், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். நம் கணக்கில் அவர் 'பலன் இல்லை'. சுவரில் இடம் போதாமல் புது ஆட்களுக்குக் கதவில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறாள், ஆனால் அந்த மீதி இடத்தை மட்டும் தொடவில்லை. அது அவரோட இடம் என்றாள்.

இன்னொன்று. இரண்டாம் நாள் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, ஒவ்வொரு பத்தாவது பொட்டுக்குக் கீழேயும் மெல்லிய பென்சில் புள்ளி இருப்பதைப் பார்த்தேன். இது யார் வைத்தது என்றேன். "முன்னாடி வந்த மேடம். கண்ணாடி போட்டவங்க. நின்னுக்கிட்டே எண்ணினாங்க, சாப்பிடக்கூட இல்ல" என்றாள். உன் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை எண்ணி முடித்தேன்.

இவ்வளவு பெரிய உண்மையின் முன்னால் நான் நின்றதே இல்லை. நம் தாளில் அது 58 என்ற இரண்டு இலக்கம்.

கவிப்ரியா


மார்ச் 6

அன்புள்ள பொன்னிக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, கட்டுப் பிரித்தாயிற்று என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் விடாதே.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். 'முதல் சரிபார்ப்பு முற்றிலும் சரியானது. அதைத் தள்ளியது என் தவறு' என்று எழுதி, முதல் சரிபார்ப்பாளர் என்ற இடத்தில் உன் பெயரை முழுதாகப் போட்டேன். நரேன் படித்துவிட்டு, "தப்புன்னு நாமளே எதுக்கு எழுதணும்? மறுபடி பார்த்தோம், சரியா இருக்குன்னு முடிச்சிடலாமே" என்றார். அவர் கெட்டவர் இல்லை, கம்பெனியைப் பற்றிக் கவலைப்படுகிறார். அந்த வரியை எடுத்தால் என் கையெழுத்தையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அப்படியே அனுப்பினார். இந்த வருஷம் முழுக்க நான் குழுத் தலைவராக இருக்கப்போவதில்லை. அதுவும் நியாயம்தான்.

பணம் வந்துவிட்டது. இஸ்மாயிலுக்கு நிலுவைச் சம்பளம் மொத்தமும் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "சந்தேகப்பட்டது நல்லதுதான் மேடம், இனிமே இதைப் பொய்னு யாரும் சொல்ல முடியாதே" என்றார். அந்த மனிதர் முன்னால் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

போன மாத நடுவில் அறக்கட்டளையிலிருந்து நான்கு பேர் வந்து பார்த்தார்கள். அதில் ஒருவர், தலை நரைத்தவர், இதுபோல எத்தனையோ திட்டம் பார்த்தவராம். யாரும் சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஜம்னாவைக் கேட்டார்கள். மாதச் சம்பளம் என்று அவர்கள் எழுதிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அதற்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் கேட்டது வேறு. நடுவில் ஊருக்குப் போய்விட்ட மூன்று பேரை யாராவது தேடிப் பார்ப்பீர்களா என்றாள். அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் தேடினோம். ஒருவர் பீகாரில் அரசு ஆஸ்பத்திரியில் வாங்கி மாத்திரையை முடித்துவிட்டார். இன்னொருவர் நிறுத்தியிருந்தவர், மறுபடி தொடங்கியிருக்கிறார். மூன்றாமவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஜம்னா அந்த வரிசையை மூடவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். உன் ஒப்பந்தம் நரேனின் முடிவு என்று முதல் கடிதத்தில் சொல்லியிருந்தேன். அது பாதிதான் உண்மை. அவர் என்னைக் கூப்பிட்டு, பொன்னி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்தேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். உன்னோடு ஒரே சமையலறையில் மூன்று வருஷம் சமைத்துச் சாப்பிட்டவள் நான். அது நடந்த அன்று இரவும் நீ எனக்கு ரசம் வைத்துத் தந்தாய்.

வேலைக்குத் திரும்பச் சொல்லி ஆபீஸிலிருந்து உனக்குத் தனியாகக் கடிதம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீ வராமல் இருந்தாலும், அங்கேயே வேறு வேலை தேடிக்கொண்டாலும், என்னை மன்னிக்காமலேகூட இருந்தாலும் சரி. நீ இருக்கும் இடத்தில் நன்றாக இரு. உன் சொல்லை நம்புகிற மனிதர்களோடு உனக்கு வேலை அமையட்டும்.

எனக்கு ஒன்றே ஒன்று செய். பதில் போடு. கோபமாக எழுது, திட்டி எழுது. எழுத எதுவுமே தோன்றவில்லையென்றால் வெறும் கவரையாவது ஒட்டி அனுப்பு. அதன்மேல் என் பெயரும் விலாசமும் உன் கையெழுத்தில் இருக்குமல்லவா, அது போதும்.

என்றும் உன்
கவி அக்கா