கிணற்று வழியே ஏறிய தண்ணீர்

என் அன்பு மாப்பிள்ளை இளங்கோவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுதத் தேவையே வரவில்லை. அரியலூரில் பஸ் ஏறினால் பெரம்பலூரில் உங்கள் வீடு. இப்போது எழுத வைப்பது வெட்கம்தான். நேரில் என்றால் உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

நம் கோட்டையை நான் மூழ்கடித்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் தங்கை கவிதாவின் கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். நாற்பதைத் தாண்டிய நாம் இருவரும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடினோம். மலையைக் குடைந்து கோட்டை கட்ட வேண்டும். உள்ளே குள்ளர்களைக் குடிவைத்து, சோறும் தண்ணீரும் கொடுத்து, கொள்ளையடிக்க வருகிறவர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஆட்டத்தில் ஒரு வருஷம் நீங்கள் ஆடி எனக்கு அனுப்புவீர்கள். அடுத்த வருஷத்தை நான் ஆடி அனுப்புவேன். குள்ளர்களுக்கு நம் வீட்டு ஆட்களின் பெயரையே வைத்தீர்கள். கவிதா இருந்தாள், நீங்கள் இருந்தீர்கள், என் பெயருக்குப் பதில் 'மச்சான்' என்று ஒருவன் இருந்தான். எப்போது பார்த்தாலும் தூங்குகிறவன்.

"அந்தக் குள்ளனுங்களுக்கு சோறு ஆக்கியாச்சா? இங்க நான் ஆக்குனது ஆறுது" என்று கவிதா அடுக்களையிலிருந்து கத்துவாள். நீங்கள் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பீர்கள். நான் அப்போதும் திரையை விட்டு எழமாட்டேன்.

பொறிகள் என் பொறுப்பு, தண்ணீர் உங்கள் பொறுப்பு. வாசல் பாதை முழுக்க நான் கூண்டுப் பொறி வைத்தேன். கொள்ளையன் மிதித்தால் கூண்டு விழும், உள்ளே மாட்டிக்கொள்வான். நீங்களோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, ஒவ்வொரு மதகையும் ஒரு லீவரோடு இணைத்தீர்கள். குள்ளன் ஒருவன் வந்து அதை இழுத்தால் மதகு திறக்கும், திரும்ப இழுத்தால் மூடும். "தண்ணி எறங்குனா கீழயே கெடக்கும்னு நெனைக்காதீங்க மச்சான். ஆத்து மட்டம் எதுவோ அது வரைக்கும் திரும்ப ஏறும். நடுவுல ரெண்டு கட்டம் மூலைக்கு மூலை மட்டும் தொடுற மாதிரி ஒரு சந்து விட்டாத்தான் அந்த வேகம் சாகும்" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்! நான் தலையை மட்டும் ஆட்டினேன். உங்கள் வேலை உங்களுக்குத் தெரியும் என்கிற சோம்பேறித்தனம்.

பிறகு ஒருநாள் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டையைத் திறந்தேன். நீங்கள் கடைசியாக அனுப்பிய வருஷம் அது. சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் புதிதாகக் கிணறு ஒன்று வெட்டியிருந்தீர்கள். லீவர் அறையில் பழைய லீவருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று நின்றது. அது எதற்கு என்று நான் பார்க்கவில்லை. உங்கள் குள்ளன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அப்போதுதான் கொள்ளையர் வந்தார்கள். என் பொறிகள் எதுவும் வேலை செய்யவில்லை. போன முறை பிடித்தவர்களைக் கூண்டோடு அகற்றி வேறு கூண்டு வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. நிறைந்த பொறியை மிதித்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு நடந்து வந்தார்கள். சரி, வாசல் பாதையில் ஆற்றைத் திறந்துவிடுவோம் என்று லீவரை இழுக்கச் சொன்னேன். இழுக்க வந்தவன் 'மச்சான்'.

அது கிணற்றுக்கான லீவர், மாப்பிள்ளை. கிணறு நிறைவதற்குள் மூட வேண்டிய மதகு. வேகத்தைக் கொல்லும் அந்த மூலைச் சந்து இன்னும் வெட்டப்படவில்லை. அதை வெட்டத்தான் உங்களுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. ஆற்று மட்டத்தைத் தேடிக்கொண்டு தண்ணீர் கிணற்று வழியே கூடத்துக்குள் பொங்கியது. திரும்ப இழு என்று உத்தரவு போட்டேன். இழுத்தவன் மேல் மாடத்துக்குத் தூங்கப் போய்விட்டான். வேறொருவன் நிதானமாக நடந்து வருவதற்குள் கூடம் கூரை வரைக்கும் நிரம்பிவிட்டது.

உள்ளே நுழைந்த கொள்ளையரோடு உங்கள் குள்ளனும் மூழ்கிப்போனான். கவிதா மட்டும் கூடத்தை ஒட்டிய தன் அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் உயிரோடு இருந்தாள். பசித்து அவள் கதவைத் திறந்தால் அவளும் போய்விடுவாள். ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, சேமித்து மூடினேன்.

விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதன் பிறகு கவிதாவின் போன் வந்தால் எடுக்கக் கூசியது. "அவரு கோட்டை எப்படியிருக்குண்ணே? ஒரு நாள் எனக்கும் காட்டு" என்று அவள் ஒரு தடவை கேட்டிருந்தாள். அதைத் திரும்பக் கேட்பாளோ என்று பயந்தேன். லோடு அதிகம், ஆடிட்டர் வருகிறார், உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாக்கு. மாதங்கள் ஓடின. பிறகு அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி, மாப்பிள்ளை! இந்த வார்த்தையை எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பிரதியின் மேலேயே ஆடி அதை நான் அழித்துவிட்டேன், ஆனால் உங்கள் லேப்டாப்பில் மூழ்குவதற்கு முந்தைய பிரதி இருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. பழைய பிரதியைப் போட்டு ஆடக் கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். இருந்தாலும் அதைக் கமுக்கமாக எடுத்துவந்துவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிடுமே? போன வாரம் பென்டிரைவை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் கவிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். மெலிந்திருந்தாள். "வாண்ணே" என்றாள். டீ போட உள்ளே போனாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். பிரதி இருந்தது. அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே டீயோடு வந்து நின்றாள்.

"என்னண்ணே எடுக்குற?"

"ஒண்ணுமில்ல கவிதா, சும்மா ஒரு ஃபைலு."

"அதுக்குத்தான் வந்தியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இத்தன மாசமா நீ ஏன் வரலன்னு தெரியுமா நான் நெனச்சேன்? பொட்டில்லாதவ வூட்டுக்குப் போவக் கூடாதுன்னு அண்ணி சொல்லியிருக்கும். இல்ல, நீயே நெனச்சிருப்ப. அதான் நானும் கூப்புடுறத விட்டுட்டேன்."

"அய்யய்யோ, இல்ல கவிதா…"

"பின்ன என்னதாண்ணே?"

சொன்னேன். லீவரை, கிணற்றை, கூடத்தில் மூழ்கிய குள்ளனை, கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவளை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. ஒரு விளையாட்டுக்காக இந்தப் பெண்ணை இந்த நினைப்போடு தனியாக விட்டிருக்கிறேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபத்தில் சிரித்துவிட்டாள்.

"நீ ஒரு லூசு அண்ணே. இதுக்கா?" என்றபடி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பழைய காப்பி வேணாம். அதுல அவரு சாப்புட்டுக்கிட்டு இருப்பாரு. திரும்பத் திரும்பப் பாக்க என்னால ஆவாது. மூழ்குனதக் கொண்டா. அவ உள்ள இருக்கால்ல?" என்றாள்.

மறுநாளே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு என் லேப்டாப்பை எடுத்துப் போனேன். நின்ற இடத்திலேயே கோட்டை நின்றது. கவிதா திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்தக் கதவ முதல்ல பூட்ட முடியுமா? அவளே தொறந்துடாம?"

முடியும். எனக்குத் தோன்றவே இல்லை. பூட்டினோம்.

"இந்தப் பின் சுவத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

"பாறைதான். ஈரமில்லாத பாறை."

"அப்ப மேலேர்ந்து எறங்கி, அந்தப் பக்கமா வந்து சுவத்த ஒடையேண்ணே."

மேல் மாடத்தில் தப்பிப் பிழைத்தவர்களை அனுப்பினேன். படி வெட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதலில் கணக்குத் தப்பிக் கூடத்தை நெருங்கிவிட்டோம். பாறை கசிகிறது என்று ஆட்டம் எச்சரித்தது. உடனே நிறுத்தித் தள்ளி வெட்டச் சொன்னேன். அடுப்பில் வைத்த சோறு அடிபிடித்ததை இருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் பின்சுவர் உடைந்தது. குள்ளக் கவிதா பசியோடும் தாகத்தோடும் தள்ளாடி வெளியே வந்து, படியேறி, நேரே மேல் மாடத்துக் கிடங்குக்குப் போய் ஒரு பீப்பாயைத் திறந்து குடித்தாள்.

கவிதா என் தோளில் நெற்றியை வைத்து அப்போதுதான் அழுதாள். உங்களைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நீங்கள் எங்கிருந்தாலும் அதைக் கேட்டீர்களா, மாப்பிள்ளை?

ஆற்று மதகை மூடியாகிவிட்டது. கூடத்துத் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. மலையின் ஓரம் வரைக்கும் ஒரு வடிகால் வெட்ட வேண்டும். கவிதாதான் வெட்டச் சொல்கிறாள், தினமும் போனில் எனக்குத் திட்டு விழுகிறது. வடிந்த பிறகு உங்கள் குள்ளனுக்கு எந்த இடத்தில் சமாதி கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் இருந்தால் எந்த இடத்தைக் காட்டியிருப்பீர்கள்?

குள்ளக் கவிதாவை மீட்ட அன்று வீட்டுக்குப் போய் நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். கவிதா அப்படி நினைத்துவிட்டாளே என்று அவள் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் அவளே போய் கவிதாவைக் கூட்டிவந்து இரண்டு நாள் எங்களோடு வைத்திருந்து அனுப்பினாள்.

தை மாதத்தில் என் மகளுக்குச் செட்டிகுளம் மலைக்கோயிலில் காது குத்துகிறோம். அத்தை சீர்த்தட்டைக் கவிதாதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "நானாண்ணே? நாலு பேரு நாலு பேசுவாங்க" என்றாள். பேசட்டும். மலையடிவாரத்திலிருந்து சன்னதி வரைக்கும் எல்லோருக்கும் முன்னால் அவள்தான் நடப்பாள். நான் அவளுக்குப் பின்னால் வருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் கவிதாவின் அண்ணன்,
மச்சான் முருகேசன்