சூரியன் மேல் போட்ட பழி

அப்பாவுக்கு ஓர்னெல்லா எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? இங்கே ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் வேலையில் ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். எங்கள் விண்கலத்துக்குள் ஒரு தங்கக் கட்டி எதையும் தொடாமல் மிதக்கிறது. அதன் நுண்ணிய அசைவை வைத்துத்தான் ஈர்ப்பு அலையைத் தேடுகிறோம். சூரியன் சீறினால் துகள்கள் பாய்ந்து கட்டியில் மின்னூட்டம் ஏறும், சுவர் அதை இழுக்கும். உடனே புற ஊதா விளக்கைப் போட்டு அதை இறக்க வேண்டும். ஆனால் விளக்கு எரிந்தால் அளவீடு கெடும். இன்னும் ஒரு மணி நேரம் சுத்தமாகக் கிடைக்கட்டுமே என்று ஆசைப்பட்டு, நான் போடாமல் விட்டேன். கடைசியில் அளவீட்டையே நிறுத்த வேண்டியதாயிற்று. எல்லாம் சூரியப் புயலால் என்று சொல்லிவிட்டேன். கூட வேலை செய்யும் ஹைக்கே மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய அளவீட்டு நேரம் அது.

"சூரியன் பண்ணினதுக்கு நீ என்னடி பண்ணுவ?" என்று அவளே எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். நானும் குடித்தேன். இன்று காலைதான் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடி" என்றாள், அவ்வளவுதான்.

காபிப் பாத்திரத்தின் ரப்பர் வளையம் பிய்ந்துவிட்டது, இங்கே அந்த அளவு கிடைக்கவில்லை. அம்மா சமையலறை இழுப்பறையில் ஒன்று வைத்திருப்பாள், அனுப்புங்கள்.

பேருந்து வருகிறது. அப்பா, அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வர முடியாமல் போனது சூரியப் புயலால் என்று சொன்னேனே, அன்று சூரியன் சும்மாதான் இருந்தது. அம்மா இல்லாத வீட்டுக்குள் வர எனக்குத்தான் தைரியம் இல்லை.

ஓர்னெல்லா