தலையணைக்கு அடியில் இருந்த ரொட்டி

என் கீரைக்காரச் சின்னம்மாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. முதலில் என் தமிழைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குள் பேச்சு முக்கால்வாசி தீவுப் பாஷையான கிரியோலில்தான் நடந்தது. "சின்னம்மா", "முருகா", "போதும்" இந்த மூன்றுக்கு மேல் நான் தமிழ் பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கோவிலில் சனிக்கிழமை வகுப்புக்கு ஆறு வருஷமாகப் போகிறேன், சின்னப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில். இந்தக் கடிதத்தை வாத்தியார் ஒரு தடவை திருத்திக் கொடுத்தார். அதனால் அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, பரவாயில்லை.

தீவுக்குப் புதுக் கொடி வந்துவிட்டது, சின்னம்மா. நாலு நிறம். ஆஸ்பத்திரி முற்றத்தில் அதை ஏற்றியபோது பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சந்தையில் எடைக்கல்லையும் மாற்றுவார்களா என்றுதான் கேட்டிருப்பீர்கள். எங்கள் நர்ஸ்களுக்குத் தலைவியாக இருந்த ஆங்கிலேய மேட்ரன் அம்மாள் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். இப்போது இருப்பவர் நம் ஊர்ப் பெண்தான், குரல் மட்டும் பழைய அம்மாளைவிடக் கொஞ்சம் பெரியது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு எதையோ தள்ளிப்போடுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டதுதான். அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருந்தது. சர்க்கரை வியாதி என்று உங்களைப் பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். நான் நர்ஸ் ஆகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும், அரை மணி கழித்து ரொட்டியும் தேநீரும் வரும், நீங்கள் சாப்பிட்டதைப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். ஊசிக்குப் பிறகு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. இது எனக்குப் பாடமாகத் தெரியும், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அன்று ஊசி போட்டேன். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. "சாப்பிட்டார்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து மணிக்கு உங்கள் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. என்னை யாரோ என்று நினைத்து, கீரைக்கட்டைத் திருடிவிட்டதாகத் திட்டினீர்கள். சர்க்கரையைக் குழைத்து உங்கள் கன்னத்துக்குள் தடவினேன். டாக்டர் ஓடி வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிஷத்தில் கண் திறந்து, இங்கே என்ன கூட்டம் என்று கேட்டீர்கள்.

நனைந்த விரிப்பை மாற்றத் தலையணையைத் தூக்கினேன். துணியில் சுற்றிய முழு ரொட்டி இருந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. காரேம். காவடிக்கு முந்திய பத்து நாள் நோன்பை நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வோம்? பகலில் ஒன்றும் தொடாமல் பொழுது சாய்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. சின்னம்மா, எனக்கு அதில் எது தாங்கவில்லை தெரியுமா? நானும் அதே நோன்பில்தான் இருந்தேன். காலையிலிருந்து என் வயிறும் காலிதான். அந்த வார்டில் உங்கள் தட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

ரொட்டியை ஏப்ரனுக்குள் மறைத்தேன். வார்டுக்குப் பின்னால் போய் மைனாக்களுக்குப் பிய்த்துப் போட்டேன். டாக்டர் மருந்துதான் அதிகமாகிவிட்டது என்று முடிவுகட்டி அளவைக் குறைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். தினமும் அழுத்தமாக இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்புக்குள் நான் எவ்வளவு பெரிய கோழை என்று அன்று தெரிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து நீங்கள் கடைசித் துண்டை விழுங்கும்வரை கட்டில் பக்கத்திலேயே நின்றேன். நீங்களும் ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சாமியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல மென்றீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகாவது என்னை விட்டீர்களா? வருஷா வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம், ரிவியேர் தே ஸாங்கீ ஊரிலிருந்து பஸ் ஏறி, உங்கள் வீட்டு மரத்து முருங்கைக்கீரையோடு வார்டு வாசலில் வந்து நிற்பீர்கள். "இந்த மிஸ்தான் என் உசிரைக் காப்பாத்துன பொண்ணு" என்று வாயில்காப்போனிலிருந்து சமையல்காரி வரைக்கும் சொல்வீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது சுடும். போன வருஷத்துக் கீரையைச் சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன், நல்ல ருசி என்பேன். பொய், சின்னம்மா. ஒரு தடவைகூட என்னால் அதை வாயில் வைக்க முடிந்ததில்லை. அத்தனை வருஷக் கீரையும் பக்கத்து வீட்டுக்குத்தான் போனது.

அந்தக் காலைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எந்தப் பயிற்சி வந்தாலும் முதல் பெயர் என்னுடையது. பிரசவப் படிப்பு, காசநோய் வார்டுப் பயிற்சி, புது இன்சுலின் வந்தபோது அதன் அளவுக் கணக்கு, எல்லாவற்றுக்கும் போனேன். பதவி ஆசை என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். எனக்கல்லவா தெரியும், பயம்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு சான்றிதழும் கைக்கு வரும்போது, இதையும் அந்த ரொட்டியைப் பார்க்காதவளுக்குத்தானே தருகிறார்கள் என்று தோன்றும்.

போன மாதம் புது மேட்ரன் கூப்பிட்டு, பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்களுக்கு ஊசிப் பாடம் நீதான் எடுக்க வேண்டும் என்றார். இரண்டு தடவை மறுத்தேன். அவர் விடவில்லை, புதன்கிழமை வகுப்பு என்று நாளும் குறித்துவிட்டார். முடியாது என்று எழுதிய கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான், செவ்வாய்க்கிழமை உங்கள் மகள் சரோஜா வந்தாள். கையில் ஈரத்துணியில் சுற்றிய கீரைக்கட்டு. தைப்பூச வாரத்தில் துக்கம் காரணமாக வர முடியவில்லையாம், அதனால் இப்போது கொண்டுவந்தாளாம்.

தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கீரைக்கட்டை என் மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"மிஸ், அம்மா போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிச்சு. 'அந்தப் பொண்ணை நான் ஏமாத்திட்டேன். ரொட்டியைத் தலையணைக்கு அடியில வச்சிட்டு, தின்ன மாதிரி வாயைத் துடைச்சுக்கிட்டுப் படுத்தேன். அப்புறம் பார்த்தா ரொட்டியைக் காணோம், யார் எடுத்தாங்களோ. நான் செத்திருந்தா பழி அவ தலையிலதான் விழுந்திருக்கும். அவளுக்குத் தெரிஞ்சா மூஞ்சியில முழிக்க மாட்டா'ன்னு. வருஷா வருஷம் கீரை கொடுத்தது நன்றிக்கு மட்டும் இல்ல மிஸ். அபராதம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, சின்னம்மா. அழுகையும் கூடவே வந்தது. சரோஜா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொட்டியை எடுத்தது யார், எங்கே போட்டது என்று அவளிடம் சொன்னேன். வாய்விட்டு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் கையை விடாமல், "ரெண்டு பேரும் நல்லாப் பயந்தீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் தப்பு இல்லாமல் போய்விடவில்லை, கேட்டிருக்க வேண்டியவள் நான்தான். ஆனால் அதைத் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்திருந்தேன் பாருங்கள், அந்த எடை அங்கேயே இறங்கிவிட்டது. பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

கைப்பையில் இருந்த கடிதத்தைக் கிழித்தேன். மேட்ரனிடம் போய், அன்று அட்டையில் உங்களைப் பார்க்காமலே "சாப்பிட்டார்" என்று எழுதியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் வகுப்பை நீதான் எடுக்க வேண்டும் என்றார்.

புதன்கிழமை எட்டுப் பெண்கள் முன்னால் நின்றேன். ஊசியைத் தொடவே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லாமல் அந்தக் காலையைச் சொன்னேன். தட்டைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள் என்றேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், இப்பவும் பயமா இருக்குமா?" என்று கேட்டாள். தினமும் இருக்கிறது என்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் நீங்கள் நேர்ந்துகொண்ட பால்குடம் அப்படியே நின்றுபோனது என்று சரோஜா சொன்னாள். வருகிற தைப்பூசத்துக்கு அதை நான் எடுக்கிறேன். முருகன் சம்மதிப்பார், அவருக்கு நம் இருவரையும் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் சரோஜா கொடுத்த கீரையை உருவி, பருப்புப் போட்டுச் சமைத்தேன். பக்கத்து வீட்டம்மா வழக்கம்போல வேலிப் பக்கம் கிண்ணத்தோடு வந்தாள், இந்தத் தடவை இல்லை என்றேன். சட்டியை வழித்துத் தின்றேன்.

சாப்பிட்டேன், சின்னம்மா. நிஜமாகவே சாப்பிட்டேன்.

நீங்கள் "மிஸ்" என்றே கூப்பிட்டுவந்த
உங்கள் மகள்,
தெய்வானை