புதுக் கண்ணும் பழைய விரலும்

கார்த்திகை 3, புதன்

காலையிலிருந்து தூறல். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் வேலைக்கு. வலது கண் முடிந்தது, இடது இன்னும் புகைமூட்டம். சொட்டு மருந்து போட்டாச்சு. கறுப்புக் கண்ணாடி பையில். குடை மறந்தேன்.

முதலாளி சேகரின் தறிக்கூடத்தில் புதுப் பாவு நூல் பிணைக்கும் வேலை. பழைய பாவின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரிக்க வேண்டும். இத்தனை வருடம் செய்த வேலை, இன்று வரவில்லை. இழை பளிச்சென்று தெரிகிறது. விரல் போனால் இழை அங்கே இல்லை. அறுந்துகொண்டே இருந்தது.

சேகர் பார்த்துவிட்டான். "நைனா, நாளைக்கு சாயங்காலம் முடிஞ்சாவணும். முடியலன்னா சொல்லிடுங்க, கண்ணமங்கலத்துல ஒரு ஆளு கீறாரு. ஜல்தியா முடிப்பாரு." மரியாதையாகத்தான் சொன்னான். முடியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. என் மகன் வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்திருக்கிறான். அவன் எழுந்து நடக்கும்வரை வீட்டில் உலை வைப்பது என் விரல்தான்.

வீட்டுக்காரி வள்ளியிடம் சொல்லவில்லை. மிளகு ரசம். ரெண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

4, வியாழன்

நல்ல மழை. மறுபடி அதே பேஜார். எரிச்சலில் சாம்பல் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். என்மேல்தான் கோபம்.

பத்து மணி வாக்கில் கரண்ட் போனது. மழை மூட்டத்தில் கூடமே இருட்டு. கை சும்மா இருக்கவில்லை. இழையை எடுத்தது, திரித்தது, அடுத்ததை எடுத்தது. ஒன்றும் அறுபடவில்லை! அப்போதுதான் உறைத்தது. கண்ணில் புகை ஏறிய நாள் முதல் நான் பார்த்துப் பிணைக்கவே இல்லை, விரல்தான் பிணைத்தது. புதுக் கண் வந்ததும் அதை நம்பி விரலைக் கெடுத்துவிட்டேன்.

கரண்ட் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இன்னா நைனா, தூங்கினு கீறீங்களா?"

"பேசாத சேகரு. வேல ஓடிக்கினு இருக்குது."

சாயங்காலம் முடிந்தது. சேகர் பாவை மெல்ல இழுத்துப் பார்த்தான். "அடுத்த பாவும் நீங்கதான்" என்றான். சாமியைக் கும்பிட்டேன். கரண்டு ஆபீஸையும் சேர்த்து.

5, வெள்ளி

வெயில். சொட்டு மருந்து தீர்ந்தது, வாங்கணும். மகன் இன்று கட்டிலில் சாயாமல் உட்கார்ந்து சாப்பிட்டான். நிம்மதி.

வள்ளியிடம் எல்லாம் சொன்னேன். தோசைக் கல்லை விட்டுத் திரும்பினாள். "கண்ண மூடிக்கினுதான் வேல செய்யப் போறீங்கன்னா, ஆபரேஷன் எதுக்குங்க?"

"உன்னப் பாக்க."

தோசை கருகிவிட்டது. தின்றேன்.