கண்ணாடியில் ஒட்டிய கை

ஏங்க,

இன்று காலை மீன் தொட்டித் தண்ணீரை மாற்றும்போது ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். வழக்கம்போல் ஒரு நொடி தாமதமாக வாயை எடுத்ததில் வாய் நிறைய உப்புத் தண்ணீர். துப்பிவிட்டு நிமிர்ந்தால் பின்னால் நீங்கள் சிரித்தது போல் இருந்தது. நீங்கள் இல்லை, பம்பு காற்றை இழுக்கிற சத்தம்தான். தெரிந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். இந்த வீட்டில் திரும்பிப் பார்ப்பது இப்போது எனக்குப் பழகிவிட்டது.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிற தெருவில், கூடத்துச் சுவர் நீளத்துக்குக் கடல் ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்ந்த ஆள் புதுக்கோட்டையில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை கட்டுமாவடிக்கு பஸ் ஏறிப் போய், தெரிந்த படகுக்காரரிடம் சொல்லி வைத்து, ஆழத்துத் தண்ணீரைக் கேன்களில் பிடித்து வருவீர்கள். "என்ன சார், மண்ணெண்ணெயா?" என்று கண்டக்டர் கேட்டால், "கடல்" என்பீர்களாம். கரண்டு ஆபீசில் வேலை பார்க்கிறவர் வீட்டில் கரண்டு போனால் எனக்கு விசிறி மட்டை, மீனுக்கு இன்வெர்ட்டர். "பேசாம அந்தத் தொட்டிக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்று எரிந்து விழுவேன். "கட்டியிருப்பேன், அது திருப்பிப் பேசாதே. போரடிக்குமேன்னு விட்டேன்" என்பீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்கு விளையாட்டு கிடையாது. சென்னைக் கடையிலிருந்து பார்சலில் எது வந்தாலும் நேரே தொட்டிக்குள் விடமாட்டீர்கள். கொல்லைப்புறத்து வாளியில் தனியாகப் போட்டுத் தினமும் குனிந்து குனிந்து பார்ப்பீர்கள். "கூட என்ன வந்திருக்குன்னு தெரியாம எதையும் உள்ள விடக்கூடாது" என்பதை அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பயன், வேண்டிய நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை.

அன்று காலை உங்களை நான் பார்த்தபோது தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். தீனி போடும்போது எப்போதும் வைப்பது போலவே இடது உள்ளங்கை கண்ணாடியில் இருந்தது. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் அந்தக் கைக்கு நேராக வந்து நின்றன. வலது கை முழங்கை வரை ஈரம். இதயம் நின்று வெகுநேரமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். குளிப்பாட்டும்போது வலது கையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. முதல் தண்ணீரில் அது போகவில்லை.

உங்கள் சாம்பலைக் கட்டுமாவடியில்தான் கரைத்தார்கள். பெண்கள் வரவேண்டாம் என்று சொல்லியும் உங்கள் தங்கை அமுதா கேட்கவில்லை. அவளைத்தான் உங்களுக்குத் தெரியுமே, திருமயத்தில் வாழ்க்கைப்பட்டும் அண்ணன் வீட்டுச் சாவி இடுப்பில் இல்லாமல் தூங்கமாட்டாள். கரைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் காலில் ஒரு கல் இடித்திருக்கிறது. பாசி படிந்த, உள்ளங்கையளவு கல். ஒரு எட்டு வைத்தாளாம், அதே காலில் மறுபடியும் இடித்ததாம். அவளுக்கு அது போதும். கருமாதிக்கு ஒரு கல்லை நட்டு அதைத்தானே நீங்கள் என்று கும்பிடப்போகிறோம், இந்தக் கல் அதற்கு முன்பே தானாக வந்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டாள். உங்களைப் போலவே கேனில் கடல் தண்ணீர் பிடித்து, அதில் கல்லைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, அண்ணன் வீட்டுக்கு வரணும்னு நிக்குது" என்று சொல்லித் தொட்டிக்குள் இறக்கினாள். நான் மூலையில் சுருண்டு கிடந்தேன். வாளியில் போடு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அன்று அவளிடம் யார் சொல்வது?

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகுதான் அவற்றைப் பார்த்தேன். துரு நிறம். வெள்ளரி விதையைவிடச் சின்னது, வெங்காயத் தோல் போலத் தட்டை. காலும் கிடையாது, துடுப்பும் கிடையாது, ஆனால் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும். தொட்டி விளக்கை அணைத்தால் ஒன்றுகூட இருக்காது. போட்டால் எங்கிருந்தோ ஏறி வரும். ஒவ்வொரு காலையும் முந்தின நாளைவிட அதிகம் வந்தன. பாறையில் பரவின, மணலில் பரவின, பூப்போல விரல் விரிக்கிற, நீங்கள் பிள்ளை மாதிரி வளர்த்த கடல் சாமந்தியின் மேல் கம்பளி போர்த்தியது போல் மூடிக்கொண்டன. அது விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு நனைந்த துணியாகக் கிடந்தது.

கண்ணாடி முழுக்க இடம் இருந்தும் அவை ஒரே இடத்தில்தான் கூடின. அது நீங்கள் இடது கையை வைக்கிற இடம். கிழக்கு ஜன்னல் வெயில் அங்கேதான் விழுகிறது, வெளிச்சத்துக்கு வருகின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூட்டமாக இருந்த நாளிலும் அங்கேதான் கூடின.

அமுதா அதைப் பார்த்த அன்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்கிட்டு வாங்க அண்ணி. இங்கிட்டு நின்னு பாருங்க. வெரலு தெரியுதா?"

தெரிந்தது. தெரியவில்லை என்றேன்.

அதன்பிறகு தினமும் பஸ் ஏறி வந்துவிடுவாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவற்றோடு பேசுவாள். மாமியார் பேச்சு, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் நடக்கும். நான் அடுப்படியில் நிற்கும்போது, நடுவில் அவள் பேச்சு நின்று, பதில் கேட்பது போல் சும்மா இருந்துவிட்டு, "ஆமாண்ணே, அதான் நானும் சொன்னேன்" என்பாள்.

உங்களுக்குப் பார்சல் அனுப்புகிற சென்னைக் கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, அது தட்டைப்புழு. விட்டா மொத்தத் தொட்டியையும் மூடிடும். மருந்து இருக்கு. ஆனா நேரா ஊத்திடாதீங்க. சாகும்போது ஒடம்புல இருக்க விஷத்த விட்டுட்டுத்தான் சாகும், மீனு, சாமந்தி எல்லாம் போயிடும். மொதல்ல குழாய வச்சு முடிஞ்ச மட்டும் உறிஞ்சி எடுத்துடுங்க. மிச்சத்துக்குத்தான் மருந்து" என்றார்.

அதைச் சொன்னதும் அமுதா தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஒங்க அண்ணன் இருந்தா மொத வேலையா இதுகளத்தான் புடிச்சு வெளிய போட்டிருப்பாரு" என்றேன்.

"அண்ணனையே அண்ணன் எப்படி அண்ணி வெளிய போடும்?"

நமக்குப் பிள்ளை இல்லை. நீங்கள் விட்டுப்போனதில் மூச்சு விடுகிறது என்று எனக்கு இருந்தது இந்தத் தொட்டி ஒன்றுதான். அவளுக்கு மூச்சு விடுகிற அண்ணன் அந்தக் கண்ணாடியில் இருந்தான். நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒரு காலையில் பெரிய ஆரஞ்சு மீன் மணலில் சாய்ந்து கிடந்தது, அதன் கண்ணின் மேல் ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. சின்ன மீன் மூலையில் ஒதுங்கிச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அமுதா பாதி இறங்கி வந்தாள். உறிஞ்சி எடுப்பதை உயிரோடு கட்டுமாவடியிலேயே விட்டுவிடுவதாக இருந்தால் சரி என்றாள்.

நான் குழாயைப் பிடிக்க, அவள் கேனைப் பிடித்தாள். கண்ணாடியில் இருந்தவை முழுதும் வந்துவிட்டன. கேனில் தண்ணீர் செங்கல் நிறத்தில் அசைந்தது. பஸ்ஸில் கொண்டுபோய்க் கடலில் விட்டாள். கல்லையும் எடுத்துக்கொண்டுதான் போனாள், நான் சொல்லாமலே. ஆனால் பாறை இடுக்குகளுக்குள் இருந்தவை வரவில்லை. மருந்து ஊற்றியே ஆகவேண்டும்.

மருந்து ஊற்றிய அன்று அமுதா வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "அண்ணி, அது அண்ணன் இல்லன்னு அடிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் வாயத் தொறக்கல."

"இல்லத்தா. அது புழு."

சொல்லிவிட்டு மருந்து கரைத்த டம்ளரோடு தொட்டிக்கு முன்னால் வந்தேன். உச்சிவெயில் நேரம், ஜன்னலில் வெயிலே இல்லை. நீங்கள் கை வைக்கிற இடம் துடைத்தது போல் சுத்தமாக இருந்தது. என்ன நினைத்துச் செய்தேன் என்று தெரியவில்லை, என் இடது உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தேன்.

அவை வந்தன. பாறையின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் புறப்பட்டு, அவசரமே இல்லாமல், என் கையை நோக்கி வந்தன. மறுபக்கம் விரலுக்கு விரல் ஒட்டிக்கொண்டன. என் கை அளவோடு நிற்கவில்லை, அதைத் தாண்டி ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுற்றிலும் நிரம்பி நின்றன. உங்கள் கை என் கையைவிட அவ்வளவுதான் பெரியது. அது எனக்குத் தெரியாதா? கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த நிமிஷம் நான் நம்பினேன். வெயில், வெளிச்சம் என்று எனக்குள் வைத்திருந்த சமாதானம் எல்லாம் போய்விட்டது. நீங்கள்தான் என்று நம்பினேன். உங்களை அங்கேயே வைத்துக்கொண்டு, மிச்சக் காலத்தை அந்த நாற்காலியில் ஓட்டிவிடலாம் என்று ஆசையாக இருந்தது. எவ்வளவு ஆசை என்று சொல்லத் தெரியவில்லை. மூலையில் சின்ன மீன் ஒருக்களித்துச் சாயப் பார்த்து, முக்கி நிமிர்ந்தது.

"போயிட்டு வாங்க" என்றுதான் வாயில் வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொன்னதுதானே. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கட்டினவரைப் பார்த்து எந்த வீட்டிலும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"போங்க."

ஊற்றினேன். கையை எடுக்கவில்லை. முதலில் விளிம்பில் இருந்தவை சுருண்டு உதிர்ந்தன, பிறகு விரல்கள், கடைசியாக உள்ளங்கை. கடைசி ஒன்று விழுந்த பிறகுதான் அமுதாவைக் கூப்பிட்டேன். செத்தவற்றை உறிஞ்சி எடுத்தோம், புதுத் தண்ணீர் மாற்றினோம், விஷத்தை இழுக்கக் கரிப் பையைப் போட்டோம். மீன் பிழைத்துக்கொண்டது. கடல் சாமந்தி மெதுவாக விரல் விரித்தது.

போன வாரம் அமுதா வந்திருந்தாள். தொட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லவேளை அண்ணி, நீங்க உறுதியா இருந்தீங்க. அண்ணன்னு நெனச்சுக்கிட்டே ஊத்தியிருந்தா, அதுக்கப்புறம் மனுசி சோறு திங்க முடியுமா?" என்றாள்.

"ஆமா, புழுதானே" என்று காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். அவள் சர்க்கரை போதாது என்றாள், எழுந்துபோய் எடுத்து வந்தேன். அவளுக்கு அது புழுவாகவே இருக்கட்டும். நீங்கள் என்று தெரிந்தேதான் நான் அனுப்பி வைத்தேன். ஊற்றின அன்று ராத்திரி நான் சோறும் தின்றேன்.