சம்மணம் போடச் சொன்ன மதினிக்கு

மதினி, யாரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன். இன்று காலையில் முழங்காலில் தேய்க்கத் தைலப் புட்டியைத் திறந்தேன். கூக்கால் ஏரிக்கு அக்கரையில் மேய்ந்த மாடுகளெல்லாம் வரிசையாகத் தும்மின. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

பர்மாச் சண்டையில் என் முழங்காலில் பீரங்கி வண்டி ஏறியதையும், கால் தப்பி வண்டி நசுங்கிப் போனதையும் ஊருக்கே சொல்லியிருக்கிறேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஊனப் பென்ஷன் கேட்டு மதுரைக்குப் போனபோது ராணுவ டாக்டரிடமும் அதையே சொன்னேன். நடந்து காட்டச் சொன்னார். விறைப்பாக அணிவகுப்பு நடை நடந்தேன். பட்டாளத்தான் அதிகாரி முன்னால் நொண்டலாமா? காலில் குறையில்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

குத்தவைத்துப் பூண்டு நட முடியாதவனுக்கு மலையில் என்ன பிழைப்பு? அண்ணனைத் தோட்டத்துச் சோலிக்கு விட்டுவிட்டு, அப்பீலுக்கு நீங்கள் என்னோடு வந்தீர்கள். "கொழுந்தனாரே, வீராப்பை வீட்டுல வச்சிட்டு வெரசாக் கெளம்புங்க."

எங்கே வைத்தேன்? புது டாக்டர் "நட" என்றதும் மறுபடியும் அணிவகுத்தேன். வாசலிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"நடக்கச் சொல்லாதீங்கய்யா, அதுல இவரு சூரரு. சம்மணம் போட்டு உக்காரச் சொல்லுங்க. வீட்டுல நின்னுக்கிட்டேதான் சோறு திங்கிறாரு. பீரங்கியுமில்ல, ஒண்ணுமில்ல. பட்டாளத்துச் சாமான் சுமந்த கோவேறு கழுதை உதைச்சதுங்க. சொல்ல வெக்கப்பட்டு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பெட்டிக்கடியில ஒளிச்சு வச்சிருந்தாரு. இந்தாங்க."

உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. என்னைத் தூக்கப் பழனியிலிருந்து தேர்வடமும் இருநூறு ஆளும் வந்ததாக இன்றுவரை சொல்லி வருகிறேன். டாக்டர் குனிந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னப்பா?"

நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "தைலக் கையால கண்ணைத் தேச்சுட்டாருங்க."

பென்ஷன் வந்தது. எனக்குப் பெண் கொடுக்க ஆள் வந்தது. நின்றுகொண்டே தின்றவன் உட்கார்ந்து சாப்பிட இந்த நாற்காலியும் வந்தது. இதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

தும்மிய மாடு, நசுங்கிய பீரங்கி, தேர்வடம் எல்லாம் என் சரக்கு. கண்ணில் தைலம் பட்டது உங்கள் சரக்கு. உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய். அதற்குத்தான் இந்த நன்றி.

அந்தத் தரையில் உட்கார்ந்து நான் அழுதது மட்டும் நிஜம், மதினி.